பந்தியும் பலிபீடமும்

கம்மாபுரத்திலிருந்து புறப்படும் ஒருவர், வடகிழக்கே வடலூரில் வள்ளலார் மூட்டிவைத்த தருமச்சாலை அடுப்பையும், வடமேற்கே விருத்தாசலத்தைக் கடந்து கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி மாதா ஆலயத்தையும், கிழக்கே வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் பரங்கிப்பேட்டையில் டென்மார்க்கு தேசத்துப் பெண்மணி ஒருவர் நிறுவிய சேவா மந்திரையும் ஒரே பகலில் கண்டு வீடு திரும்பிவிடலாம். காலத்தாலும் கோலத்தாலும் இம்மூன்றும் வேறு வேறு. ஆயினும் ஏழையை முன்னிட்டு இறைவனைத் தேடுவது எங்ஙனம் என்ற விசாரத்துக்கு மூன்றும் ஒவ்வொரு விதத்தில் விடை கூற முயன்றவை. இவற்றுள் கிறிஸ்தவர் கூறிய விடையை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவையும் அதன் அண்டைப் பிரதேசங்களையும் பிரதானமாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வடலூரை ஒப்புநோக்காமல் இதைச் செய்ய இயலாது. ஆகவே உரிய இடத்தில் அங்கும் செல்ல வேண்டியிருக்கும்.

இவ்விஷயத்தைக் குறித்து வழங்கிவரும் அபிப்பிராயங்கள் பல. பக்தி வேர், தருமம் அதன் கனி என்பார் சிலர். தருமமென்பது மதத்தைப் பரப்புவதற்கு எறியப்பட்ட தூண்டிலேயன்றி வேறன்று என்பார் சிலர். ஏழைக்குச் செய்யும் உபகாரமே ஆராதனை, கோயிலும் பூசையும் அதற்கான பயிற்சிக்கூடங்களே என்று துணிந்து கூறுவாரும் உளர். மூன்றுக்கும் ஆதாரம் காட்ட முடியும். ஆனால் மூவரும் கொடுப்பது யார், கொடுக்கப்பட்டது யாது என்பதையே கணக்கிடுகிறார்கள். கொடுத்தவனும் பெற்றவனும் ஒரே பந்தியில் அமர்ந்தார்களா, அகப்பை யார் கையில் இருந்தது என்று விசாரிப்பதில்லை. சரித்திரத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கும்போது, சச்சரவுகள் யாவும் அங்கேதான் எழுந்திருக்கின்றன.

ஆதித் திருச்சபையிலேயே இது தொடங்கிவிட்டது. பசித்தவனுக்கு உணவளித்ததும், அந்நியனைச் சேர்த்துக்கொண்டதும், நோயாளியையும் சிறைப்பட்டவனையும் சென்று கண்டதும் தமக்கே செய்தவை என்று நியாயத்தீர்ப்பு நாளில் அரசர் கூறுவதாக மத்தேயு சுவிசேஷத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் சொல்வதைக் கிறிஸ்தவரல்லாத தமிழரும் கேட்டிருப்பர். பிரசங்கிகள் அதிகமாக எடுத்தாளாத வேறு இரண்டு இடங்களே நமக்கு இங்கு முக்கியமானவை. ஒன்று, அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரம். எருசலேம் சபையில் அன்றாடப் பந்தி விசாரணையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறுமுறுப்பு எழுந்தது. அதனைத் தீர்க்க எழுவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவ்வெழுவர் பெயரும், ஸ்தேவான் முதலாக நிக்கொலா ஈறாக, கிரேக்கப் பெயர்களே. அதாவது, குறை சொன்ன பக்கத்தார் கையிலேயே களஞ்சியம் ஒப்புவிக்கப்பட்டது என்று கொள்ள இடமிருக்கிறது. மற்றொன்று, கொரிந்துப் பட்டணத்தில் நிகழ்ந்தது. ஆண்டவருடைய இராப்போஜனம் என்று கூடிய இடத்தில் வசதி படைத்தோர் முந்தி உண்டு குடித்து வெறித்திருக்க, இல்லாதவர் பசியோடு நின்றனர் என்று கேள்வியுற்ற பவுல், அது ஆண்டவருடைய போஜனமே ஆகாது என்று கடிந்து எழுதினார். அன்னம் பற்றாமல் விளைந்த குற்றமன்று அது. அன்னம் மிகுதியாகவே இருந்தது.

இவற்றை நினைவில் வைத்துக்கொண்டு நமது நாட்டுக்கு வருவோம்.

1710-ஆம் ஆண்டளவில் இத்தாலியிலிருந்து வந்து, தமிழையே தம் வாழ்வாக்கிக்கொண்டு, 1747-இல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் மறைந்த கொன்ஸ்தான்ஸோ பெஸ்கி என்னும் வீரமாமுனிவர், இவ்வட்டாரத்தில் விட்டுச்சென்ற சின்னம் கோணான்குப்பத்து ஆலயம். தேவமாதாவுக்குச் சேலை உடுத்தித் தமிழ்ப் பெண்ணின் கோலம் கொடுத்து, விருத்தாசலத்து அம்பிகையின் திருநாமமாகிய பெரியநாயகி என்பதையே சூட்டிய அவரது துணிவு இன்றைக்கும் வியப்பளிப்பது. தேம்பாவணியைக் கற்றவர்கள் அவரைக் காவியகர்த்தாவாகவே கொண்டாடுவர்; அவர் உபதேசிமாருக்கென எழுதிய வேதியர் ஒழுக்கத்தை அத்தனை பேர் எடுத்துப் பார்ப்பதில்லை. ஊர் ஊராகச் சென்று மந்திரம் கற்பித்து, நோயாளியின் தலைமாட்டில் ஜெபித்து, குருவானவர் வரும்வரை சபையைக் கட்டிக்காத்த அந்த உபதேசிமார்களே அக்காலத்துக் கிறிஸ்தவத்தின் கைகளும் கால்களும். அவர்களுள் பெரும்பாலோர் ஏழைகள். ஆனால் அதே காலத்து மதுரை மிஷனில், உயர்ந்த ஜாதியார் எனப்பட்டோரிடம் செல்லப் பிராமண சந்நியாசி கோலத்தில் ஒரு வகைக் குருமாரும், மற்றையோரிடம் செல்லப் பண்டாரசுவாமிகள் என்று வேறொரு வகையினரும் என்ற ஏற்பாடு நிலவியது. பலிபீடத்திற்கு வருவோருக்கே இரண்டு பாதைகள் போடப்பட்டிருந்தன என்பதை, முனிவரிடம் நாம் கொண்ட அபிமானத்தால் மறைத்துவிடுதல் தகாது.

தரங்கம்பாடியில் 1706-ஆம் வருஷம் ஜூலை மாதம் 9-ஆம் தேதி வந்திறங்கிய சீகன்பால்குவும் புளுட்சோவும் ஜெர்மனியில் ஹாலே நகரத்து அநாதாலயத்தின் மனப்போக்கில் ஊறியவர்கள். பக்தி என்றால் பள்ளிக்கூடம் வைப்பது, பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும் ஒருங்கே கொடுப்பது என்று கருதியவர்கள். அம்மிஷன் 1733-இல் குருப்பட்டம் அளித்த முதல் தமிழ்ப் போதகராகிய ஆரோன் கடலூரில் பிறந்தவர் என்பதில் இந்த ஜில்லாக்காரர் பெருமை கொள்ளலாம். அவர்களுக்குப் பின் வந்த சுவார்ட்சு ஐயர் 1780-களின் தொடக்கத்தில், ஹைதர் அலியின் படையெடுப்பால் சோழநாடு பாழாகித் தஞ்சைக் கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினியால் மடிந்தபோது செய்த காரியம் ஒன்று மிகவும் சிந்திக்கத்தக்கது. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. சுமந்துவர மாடுகளும் இருந்தன. ஆனால் அரசனுடைய வாக்கையோ கும்பினியாருடைய வாக்கையோ நம்பி நெல் கொடுக்கக் குடியானவன் ஒருவனும் முன்வரவில்லை. சுவார்ட்சு ஐயர் தாமே கிரயத்துக்கு ஜாமீன் நின்று சொல்லியனுப்பினார். மாடுகள் வந்தன, நெல் வந்தது, அவரும் சொன்னபடி பணத்தைத் தீர்த்தார். அன்று பசியாற்றியது மிஷனின் பணப்பெட்டி என்பதைவிட ஒரு மனிதருடைய நாணயம் என்றே சொல்ல வேண்டும்.

அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லிய கதைகள் ஏராளம். 1876 முதல் 1878 வரை நீடித்த அக்கொடுமையில், நிவாரண வேலைக்கு வந்தோருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமே போதும் என்று ஸர் ரிச்சர்டு டெம்பிள் படியளந்த காலத்தில், மாயூரத்தில் முன்சீப்பாயிருந்து ஓய்வுபெற்ற வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி வைத்தார். பிறப்பால் கத்தோலிக்கர், சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் பாடியவர். அவருடைய கொடையைக் கண்டு உருகிக் கீர்த்தனம் இயற்றியவர் நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதியார். ஒரு சிவபக்தர் ஒரு கிறிஸ்தவரை மனமாரப் பாடினார் என்பது, அந்தக் கஞ்சியில் மதத்தின் வாடை வீசவில்லை என்பதற்கு நமக்குக் கிடைத்த நற்சாட்சி.

இதே பஞ்சத்தை ஒட்டித்தான் "அரிசிக் கிறிஸ்தவர்" என்ற ஏளனமும் வலுப்பட்டது. பஞ்ச காலத்தை அடுத்து வடார்க்காட்டுச் சேத்துப்பட்டுப் பகுதியில் தர்ராஸ் சுவாமியாரிடமும், திருநெல்வேலியில் கால்டுவெல் முதலியோரிடமும் ஜனங்கள் திரள் திரளாக ஞானஸ்நானம் பெற்றது உண்மை. கஞ்சிக்காக வந்தார்கள் என்று பழிப்பவர், பசித்தவன் கஞ்சிக்கு வராமல் வேறு எதற்கு வருவான் என்பதைச் சொல்வதில்லை. மேலும், மழை பெய்து களத்தில் நெல் கண்ட பின்பும் அக்குடும்பங்களிற் பெரும்பகுதி அங்கேயே நிலைத்தது. பேரன் பேத்திகள் இன்றும் அக்கோயில்களில்தான் மணம் செய்துகொள்கிறார்கள். சோறு தீர்ந்த பின்னும் அவர்களைப் பிடித்து வைத்தது எது? தம்மைப் பெயர் சொல்லி அழைத்து, தம் பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுத்து, தம் பிணத்துக்கு முன்னால் சிலுவை பிடித்து நடந்தவர் ஒருவர் கிடைத்தாரே என்ற எண்ணமாயிருக்கலாம் என்பது என் கணிப்பு. அதே சமயத்தில், கஞ்சி வார்க்கும்போதே தலைகளை எண்ணிச் சீமைக்கு எழுதியனுப்பிய மிஷனெரிமாரும் இருந்தனர் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வடலூரைப் பற்றி இங்கே சொல்லிவிடுவது பொருத்தம். 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி, பார்வதிபுரத்து ஜனங்கள் கொடுத்த நிலத்தில், வள்ளலாராகிய இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. ஜீவகாருண்யமே கடவுள் வழிபாடு என்று அடிகள் ஸ்தாபித்த கொள்கைக்கும், மத்தேயுவின் இருபத்தைந்தாம் அதிகாரத்துக்கும் உள்ள உறவை ஒருவர் மற்றவரிடம் கடன் வாங்கியதாகக் காட்ட முயலும் கட்டுரைகள் வீண் பிரயாசை. பேதம் உள்ள இடத்தைக் காண்பதே பயன் தரும். அடிகள் சாலையில் பசி ஒன்றே தகுதி. வருபவனிடம் ஜாதியோ சமயமோ குலமோ கேட்பதில்லை, உண்டு சென்ற பின் அவனை எந்தப் பதிவேட்டிலும் சேர்ப்பதுமில்லை. கிறிஸ்தவ ஸ்தாபனங்களோ உண்டவனுக்கு அடுத்த வேளைக்கு மேலும் ஏதேனும் செய்ய வேண்டும் என்று பள்ளி, விடுதி, ஆஸ்பத்திரி, தொழிற்சாலை எனப் பெருகின. பதிவேடு இல்லாமல் பள்ளிக்கூடம் நடத்த இயலாது. பதிவேடு வந்தால் அதை எழுதுகிற கை ஒன்றும் வரும். சங்கடம் அந்தக் கையில்தான் தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ்ப் புராட்டஸ்டண்டுச் சபைகளைக் கலக்கிய பந்திச் சண்டையை நம் மக்கள் பெரும்பாலும் மறந்துவிட்டனர். 1833-இல் கல்கத்தாப் பிஷப் டானியேல் வில்சன், சபைக்குள் ஜாதி வித்தியாசம், குறிப்பாக நற்கருணைக்கு வருவதில் முன்பின் என்ற வித்தியாசம், ஒழிய வேண்டும் என்று நிருபம் விடுத்தார். தஞ்சையிலும் சென்னையிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் வெகுண்டனர். இன்றளவும் சபைதோறும் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியாரே ஜாதியாசாரத்தைக் காப்பதற்காக எழுதியும் வாதாடியும் நின்றவர்களுள் ஒருவர். பாடினால் கல்லும் கரையும் பக்தி அவருடையது. ஆயினும் அப்பக்தி பக்கத்து இலையை ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்க மதுரை மிஷனார் 1847-இல் ஒரு படி மேலே போய், தாழ்ந்த குலத்தவர் சமைத்ததை உபதேசிமார் யாவரும் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்று அன்பின் விருந்து ஒன்றை வைத்தனர். அமர மறுத்துப் பலர் வேலையை இழந்தனர். விருந்தையே பரீட்சையாக்கிய அம்முறையில் வெள்ளைக்கார அதிகாரத்தின் கடுமை தெரிகிறது; எனினும் பரீட்சைக்குரிய கேள்வி தவறானதென்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

கடலூருக்கு மேற்கே மேல்பட்டாம்பாக்கத்தின் கதை இதிலிருந்து பிறந்ததே. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் ஐயர், ஜாதி விஷயத்தில் தம் மிஷன் காட்டிய இணக்கத்தைப் பொறாமல் பிரிந்து, 1860-களின் தொடக்கத்தில் அங்கே பெத்தானியா என்ற பெயரோடு தனி நிலையம் அமைத்தார். டேனிஷ் மிஷன் சங்கம் அவரை ஆதரித்து ஏற்றுக்கொண்டது. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வித்து அதுவே. திருவண்ணாமலையிலும் திருக்கோவிலூரிலும் நெல்லிக்குப்பத்திலும் டேனிஷ் மிஷன் பள்ளி, ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் அறிந்தவை யாவும், ஒரு பந்தியில் உட்கார மாட்டோம் என்றவர்களோடு ஒரு மனிதர் கொண்ட பிணக்கின் சந்ததிகள் என்று கூறலாம்.

வைத்திய ஊழியத்தைக் குறித்து நான் அதிகம் எழுதவில்லை. அது எல்லோரும் அறிந்தது. அக்காலத் தென்னார்க்காட்டைச் சேர்ந்த திண்டிவனத்தில் ஓரிரவில் பிரசவ வேதனையில் மூன்று பெண்கள் ஆண் வைத்தியர் கூடாதென்ற காரணத்தால் மாண்டதைக் கண்ட ஐடா ஸ்கடர், 1900-இல் வேலூரில் ஒரு படுக்கையோடு தொடங்கி, 1918-இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளி வரை வளர்த்த வரலாறு பாடப்புத்தகத்திலும் உண்டு. அதனினும் என் மனத்தைக் கவர்வது திருப்பத்தூர்க் கிறிஸ்துகுல ஆசிரமம். சவரிராயன் ஜேசுதாசன் என்ற தமிழ் வைத்தியரும் எர்னஸ்டு பேட்டன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியரும் 1921-இல் அதைத் தொடங்கினர்; தமிழர் பெரியண்ணன், வெள்ளையர் சின்னண்ணன். கதராடை, தரையில் அமர்ந்து உண்ணுதல், ஏழைகளுக்கு மருத்துவம் ஆகியவற்றைவிட, மூத்தவர் இளையவர் என்ற அந்த முறைவைப்பே அக்காலத்தில் எத்தனை பெரிய புரட்சி என்பதை, துரைமாரிடம் கைகட்டி நின்ற தலைமுறையினர்தாம் உணர்ந்திருப்பர்.

அதே 1921-இல் பரங்கிப்பேட்டையில் ஆன் மேரி பீட்டர்சனின் பெண்கள் பள்ளியாகிய சேவா மந்திருக்குக் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். மிஷனின் சம்பளத்தையும் பாதுகாப்பையும் துறந்து தேசியக் கல்வியின் பக்கம் வந்த இவ்வம்மையாரையும், சபர்மதியில் காந்தியடிகளால் மகளாகவே பாவிக்கப்பட்டு, மேனன் என்ற மருத்துவரை மணந்து இதே ஊரில் தங்கிய எஸ்தர் பேரிங்கையும், அக்காலத்து மிஷனெரிகள் பலர் வழிதவறியவர்களாகவே பார்த்தனர். அகப்பையைத் தம் கையிலிருந்து இறக்கி வைக்கச் சம்மதித்தவர்கள் என்று நான் அவர்களைப் பார்க்கிறேன்.

பெரியோர் சரித்திரத்தை விட்டு, பெயர் தெரியாத ஜனங்களின் பக்திக்கு வந்தால், பிடியரிசியைக் காட்டிலும் அழகான வழக்கம் தமிழ்க் கிறிஸ்தவத்தில் இல்லை. உலையில் இடுமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து, அடுப்பங்கரை மூலையிலுள்ள சிறு கலயத்தில் போட்டுவைப்பாள் குடும்பத்தலைவி. ஞாயிற்றுக்கிழமை அது துணிப்பையில் கோயிலுக்கு வந்து பெரிய கூடையில் கொட்டப்படும். பச்சரிசியும் புழுங்கலரிசியும் ரேஷன் அரிசியும், ஒன்றிரண்டு கல்லும், அதில் விரவிக் கிடக்கும். எந்தப் பிடி யார் வீட்டுப் பிடி என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் அப்படிக் கலந்த அரிசி ஒரு பதமாய் வேகாது. ஆதலால் வாங்குவோர் குறைந்த விலைக்கே கேட்பர், சில ஊர்களில் கோழித்தீவனத்துக்கென்றே ஏலம் போகும். ஆராதனையில் ஒன்றாகிவிட்ட அரிசி சமையலில் ஒன்றாவதற்குப் படும் பாடு இது. திருநெல்வேலிச் சீமையின் அசனப் பண்டிகையோ இதற்கு மறுமுனை: கோயில் வளவில் வரிசையாகக் குழிவெட்டிய அடுப்புகளில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் கொதிக்க, ஊர் முழுவதும் பந்தி பந்தியாய் அமர்ந்து உண்பர். பணக்காரன் கொடுத்த கிடாயும் ஏழை கொடுத்த விறகும் ஒரே அடுப்பில் சேரும் அந்நாளில் யாரும் தானம் வாங்கியவர் ஆவதில்லை. அசனம் நடக்கும் ஊரிலும் சேரிக்கு வேறு கோயில், வேறு அசனம் என்றிருந்தால் அதை என்ன சொல்வது என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் தொலைவில் இல்லை. கோணான்குப்பத்துக்கு வடக்கே, உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள எறையூரில், தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதை ஒட்டி வன்னியக் கத்தோலிக்கரோடு மோதல் மூண்டு, 2008-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் தேதி போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். ஒரே ஜெபமாலையை உருட்டியவர்கள் இரு பக்கத்தாரும். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர் புதைகுழிகளை ஒதுக்கிப் பிரித்த சுவரும் இதே வம்சத்தைச் சேர்ந்தது. சர்க்காரின் போக்கும் விசித்திரமானது: 1950-ஆம் ஆண்டின் ஷெட்யூல்டு வகுப்பார் பற்றிய ஜனாதிபதி உத்தரவு முதலில் இந்துக்களுக்கென்று அமைந்து, 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது, கிறிஸ்தவரானவர் வெளியே நிற்கிறார். தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகின்றனர். சபைக்குள் தீண்டாமை இல்லை என்று சொல்லிப் பெருமை கொள்ளும் ஆயர்கள், ஷெட்யூல்டு வகுப்பாருக்குரிய சலுகை வேண்டுமென வாதாடும்போது அது உண்டு என்று நிரூபிக்க வேண்டிய இக்கட்டில் நிற்கிறார்கள். 2022-இல் மத்திய சர்க்கார் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதற்கென ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது.

நெய்வேலிக்கு இந்தப் பழைய கணக்கு இல்லை. 1956-இல் நிலக்கரி நிறுவனம் பதிவாகி, மறு ஆண்டு நேரு வந்து சுரங்க வேலையைத் துவக்கிய பிறகு எழுந்த டவுன்ஷிப்பில், நாகர்கோவிலாரும் தஞ்சாவூராரும் மலையாளிகளும் வட்டம் வட்டமாகக் குடியேறினர். கோயில்களில் பரம்பரை முன்வரிசை என்று யாருக்கும் இல்லை, பாட்டன் சொத்தாகப் பல்லக்குத் தூக்கும் உரிமையும் இல்லை. ஏழை யார் என்பதும் இங்கே வேறு விதமாக வரையறுக்கப்பட்டது. நிலக்கரிக்கு நிலம் விட்டவர், நிரந்தரமாகாமல் ஆண்டுக்கணக்காய் ஒப்பந்தத்தில் உழைப்பவர், 2011 டிசம்பர் 30-இல் அடித்த தானே புயலில் முந்திரியும் பலாவும் சாய்ந்து கூலி இழந்தவர், இவர்களே இவ்வட்டாரத்து ஏழைகள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெற்பயிரின் மேல் அந்நிறுவனத்தின் கால்வாய் வெட்டும் இயந்திரங்கள் இறங்கியபோது கம்மாபுரம் பக்கத்து ஊர்களெல்லாம் அதையே பேசின. இவர்களுக்குக் கிறிஸ்துமஸ் காலத்தில் வேட்டி சேலையும், தவக்காலத்தில் விரதமிருந்து சேர்த்த உண்டியற் காசும் செல்லுதல் நல்லதே. நான் குறைகூற வரவில்லை. ஆனால் இத்தகைய உதவிப் பட்டியலை எழுதும் கமிட்டியில் பெரும்பாலான தொழில்நகரங்களில் நிரந்தர உத்தியோகஸ்தர்களே அமர்ந்திருப்பர். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர், பெறுவோர் வரிசையில் வரும். எருசலேமில் முறுமுறுத்த பக்கத்தாரிடமிருந்து எழுவரைத் தெரிந்தெடுத்தவர்கள் அந்தப் பட்டியலை வேறு விதமாகத் தயாரித்திருப்பார்கள். அப்படித் தயாரிக்க ஒரு பங்குப் பேரவைக்கோ சபைக் கமிட்டிக்கோ மேலிடத்து உத்தரவு எதுவும் தேவைப்படாது, அடுத்த ஆண்டுக் கூட்டத்திலேயே செய்துகொள்ளலாம்.